எஞ்சின் இல்லாமல் வந்த சத்தம்

எங்கள் வேனில் சத்தம் கேட்க ஆரம்பித்த அன்றைக்கே அது யாருடைய தப்பு என்ற தீர்ப்பும் வந்துவிட்டது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டியை யார் யார் ஓட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஒருவர் என் கணவர், பொகவந்தலாவையில் வருஷக்கணக்காக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மற்றவள் நான், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், லைசன்ஸ் எடுத்து அதிக காலம் ஆகவில்லை. இதற்கு மேல் யோசிக்க அவர்களுக்கு என்ன இருந்தது?

இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் அம்மா நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தம்பி வீட்டில், பாரிசவாதம் வந்து படுத்திருந்தார். தம்பி கொழும்பில் கடை வேலை. தம்பி மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள். வாரம் முழுவதும் அவள் பார்த்துக்கொள்வாள், சனிக்கிழமை அம்மாவைக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. ஒரு பக்கம் விளங்காமல் போன ஆளை ஒருத்தியால் தூக்கிக் குளிப்பாட்ட முடியாது. அவளும் நானும் சேர்ந்தால்தான் முடியும். அதுவும் உச்சிக்கு முன்னால், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் வெயில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் மத்தியானம் ஆனால் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிடும். அந்தக் குளிரில் நோயாளி மேல் தண்ணீர் ஊற்றினால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்.

வேனில் போனால் நல்ல வெயிலில் போய்ச் சேரலாம். பஸ்ஸில் போனால் ஹட்டனில் ஒரு மாற்று, நோட்டனில் ஒரு மாற்று, அங்கிருந்து மேட்டில் நடை. போய்ச் சேரும்போது மூட்டம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். என் கையில் ஸ்டியரிங் இருந்தால் அம்மாவுக்குக் குளிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

வாரநாளில் அவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும் சனிக்கிழமை நான் ஓட்டுவதும் ஒரே வேன்தான், பழைய டீசல் வேன். டீசல் தட்டுப்பாடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கந்தப்பளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கினோம். பழைய வண்டிக்கு உரிய எல்லா முனகலும் அதற்கு உண்டு, அதெல்லாம் பழகிப்போனது. இந்தச் சத்தம் புதிது. கீழேயிருந்து, நடு சீட்டுக்கு அடியிலிருந்து, அம்மியில் காய்ந்த மிளகாயை இழுப்பது மாதிரி ஒரு கரகரப்பு. கூடவே வண்டி நிறுத்தும் இடத்தில் எண்ணெய்ச் சொட்டு.

என் கணவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நீ கிளச்ச சரியா மிதிக்கிறதில்ல" என்றார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, குனிந்து கீழே பார்க்கவும் இல்லை.

ஹட்டன் போகிற வழியில் ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்துகிறவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், கைவேலை தெரிந்த ஆட்களை இங்கே அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். வண்டியைக் கொண்டுபோனோம். நான்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நின்ன எடத்துல எஞ்சின் ஓடும்போது சத்தமே இல்லீங்க. வண்டி உருண்டாத்தான் வருது. வேகம் கூடக் கூட சத்தமும் கூடுது."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "அண்ணே, டீச்சர் கிளச்சு மேல கால வச்சிக்கிட்டே ஓட்டுவாங்களோ?" என்று கேட்டார். பதிலை என்னிடம் கேட்டிருக்கலாம், கால் என்னுடையதுதானே. என் கணவர் சிரித்துக்கொண்டே, "பொம்பளைங்க ஓட்டுனா அப்பிடித்தானே பாஸ்" என்றார்.

கிளச் பெயாரிங் போய்விட்டது என்று முடிவாயிற்று. அதன் பிறகு பாஸ் எனக்கு ஒரு பாடம் நடத்தினார் பாருங்கள், நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது கூட அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. கிளச் என்றால் என்ன, அதை எப்போது மிதிக்க வேண்டும், எப்போது காலை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று ரசித்துக்கொண்டிருந்தார். கராஜில் நின்ற மற்ற ஆண்களும் ரசித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், எனக்கு வேண்டியது வண்டி.

பெயாரிங்கை மாற்றினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே சத்தம் வந்தது. அதே கரகரப்பு, அதே இடம். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். பாஸ் கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. "ஆடத் தெரியாதவ மேட கோணல்ன்னாளாம், அந்தக் கததான் டீச்சர். பெயாரிங் புதுசு. இனி ஓட்டுற விதத்துலதான் இருக்கு" என்றார்.

என் கணவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "கியர்பொக்ஸ் உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கும். இன்னும் ஒன் கையில போனா ஒடஞ்சிரும். கொஞ்ச நாளைக்கி நீ வண்டியத் தொடாத."

"அப்ப அம்மா?"

"பஸ்ஸுல போய்ட்டு வா. மத்தவங்க எல்லாம் போகலியா?"

போனேன். முதல் சனிக்கிழமை நான் நினைத்தபடியே ஆயிற்று. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பி மனைவி சுடுதண்ணீர் வைத்துவிட்டு, அதை இரண்டாம் தரமும் காய்ச்சிவிட்டு, வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். வெறும் ஈரத்துணியால் அம்மாவின் முகத்தையும் கையையும் காலையும் துடைத்தோம். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு வாய் குழறும், ஆனால் நான் அவசரத்தில் நிற்கிறேன் என்பது அவருக்கு நன்றாக விளங்கியது. நல்ல கையால் என்னைப் போ போ என்று தள்ளினார்.

அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் இன்னொரு விஷயம் நடந்தது. வண்டி சும்மாதானே நிற்கிறது என்று என் கணவர் சனிக்கிழமைகளில் டியூஷன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். நான் தொட்டால் உடைந்துபோகிற கியர்பொக்ஸ், தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றினால் உடையாதாம். கேட்டதற்கு, "நான் பாத்து ஓட்டுவேன்" என்றார்.

வாய்ப்பேச்சில் இந்த ஆட்களை வெல்ல முடியாது என்று விளங்கிவிட்டது. பின்னேரங்களில் வண்டி வீட்டில் நிற்கும்போது நானே பார்க்க ஆரம்பித்தேன். முதலில் பிஸ்கட் பெட்டியைப் பிரித்து அட்டையாக்கி வண்டிக்கு அடியில் விரித்தேன். அட்டையில் விழுந்த சொட்டு எஞ்சின் எண்ணெய் மாதிரி கறுப்பாக இல்லை. மஞ்சள் நிறம், மூக்கருகே கொண்டுபோனால் அழுகின முட்டை நாற்றம். கியர் எண்ணெய்தான் அப்படி நாறும். சொட்டு விழுந்த இடம் கியர்பொக்ஸின் பின்முனை. பின் சக்கரங்களைச் சுற்றுகிற நீளமான தண்டு அங்கேதான் நுழைகிறது. கிளச் இருப்பது முன்முனையில். அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, எந்தக் கியரும் விழாமல் நியூட்டரில் வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம் இல்லை. கிளச்சை மிதித்தேன், விட்டேன், திரும்பவும் மிதித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கிளச் பெயாரிங் கெட்டிருந்தால் மிதிக்கும்போது அது அழ வேண்டும். என் கணவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். எந்தக் கியரில் போனாலும் சத்தம் இருந்தது. அவர் கிளச்சை மிதித்த நேரத்திலும் இருந்தது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அதற்குக் கவலை இல்லை, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு கத்தும். ஆகவே கோளாறு கிளச்சில் இல்லை, கியர்பொக்ஸின் வால் பக்கத்தில். அந்த இடத்துக்கும் என் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதை எல்லாம் என் கணவரிடம் சொன்னேன். "யூடியூப் பாத்துட்டு வந்து எனக்கே சொல்லித்தாறியா டீச்சரம்மா?" என்றார். ஆமாம், யூடியூபும் பார்த்தேன். அதில் என்ன குற்றம்? அவர் அதைக்கூடப் பார்க்கவில்லையே.

ஆனால் ஒரு கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. பின்முனை ஏன் கெட்டது? அது எண்ணெய் படாமல் இரும்பு அரைபடுகிற சத்தம். எண்ணெய் ஒழுகுவதற்கு முன்னால் பெட்டி நிறைய எண்ணெய் இருந்தது, சில மாதம் முன்னால்தான் மாற்றியிருந்தோம். எண்ணெய் இருக்கிற பெட்டிக்குள் ஓர் இடம் மட்டும் எப்படிக் காய்ந்துபோகும்?

மூன்றாவது சனிக்கிழமை. அம்மாவுக்குக் கழுவி வைத்த சீலை, ரவிக்கை, கொஞ்சம் பயற்றம்மாவு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மலை ரோட்டு வளைவுக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது, வேறு வண்டியும் இல்லை.

அப்போது மேலேயிருந்து அந்தக் கரகரப்பு கேட்டது.

எங்கள் வேன் சத்தம் எனக்குத் தெரியாதா? எத்தனை நாள் காது வைத்துக் கேட்டது. ஆனால் அன்றைக்கு அது மட்டும் தனியாக வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. மலை இறக்கத்தில் டீசல் எஞ்சின் கத்துகிற கத்தலுக்கு லயத்து நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும், அன்று ஒரு நாயும் குரைக்கவில்லை. வெறும் கரகரப்பும், ஈர ரோட்டில் டயர் உருளும் சத்தமும், அவற்றுக்கு மேல் பிள்ளைகள் ஓவென்று கூவும் சத்தமும்.

வளைவு திரும்பி வேன் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்டரில் போட்டு, இறக்கத்தில் சும்மா உருண்டு வருகிறார் என் கணவர். பிள்ளைகள் கையை மேலே தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. தினமும் நடக்கிற விளையாட்டு என்பது அந்த ஆட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜன்னலில் இருந்த என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர்! டீச்சர்!" என்று கையாட்டினாள். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். பார்த்த அந்த நிமிஷமே சாவியைத் திருப்பினார். எஞ்சின் உதறிக்கொண்டு எழும்பியது, வண்டி என்னைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. கியர்பொக்ஸுக்குள் எண்ணெய், தாச்சிச் சட்டியில் தண்ணீர் மாதிரி அடியில்தான் கிடக்கும். கீழ்வரிசைப் பற்சக்கரங்கள் சுற்றும்போது அதை அள்ளி மேலே வீசும், மேலே இருப்பவை அப்படித்தான் நனையும். கீழ்வரிசையைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்டரில் உருண்டால் கீழ்வரிசை தூங்கும். ஆனால் ரோட்டில் ஓடுகிற சக்கரம் பின்தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் அடியில் கிடக்க, பின்முனை காய்ந்து, சூடேறி, அரைபடும். சூட்டில், எண்ணெயை அடைத்து நிற்கிற ஒயில் சீல் கருகி, எண்ணெயும் ஒழுகத் தொடங்கும்.

கியர்பொக்ஸ் கிடக்கட்டும், அது இரும்பு. எஞ்சின் நின்ற வண்டியில் பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்தால் அது கல்லாகிவிடும், அதன் பிறகு வண்டி நிற்காது. பள்ளத்துக்கும் அந்த ரோட்டுக்கும் நடுவில் இருப்பது தேயிலைச் செடி மட்டும்தான். உள்ளே இருப்பது ஊரார் பெற்ற பிள்ளைகள். பஸ் வந்ததும் ஏறினேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. அன்றைக்கும் அம்மாவுக்குத் துணித்துடைப்புதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ரோட்டில் என்னைக் கண்டதும் சாவியைத் திருப்பியவர், வீட்டில் மறைக்கவில்லை. அது தப்பு என்றே அவர் நினைக்கவில்லை.

"டீசல் போலிம்ல, கியூவுல, நாள்கணக்கா நின்ன காலத்துல பழகுனது. அப்ப எறக்கத்துல எஞ்சின் போட்டவன் எவன்? ஊரே என்னயத்தான் மெச்சிச்சு. இத்தன வருஷத்துல ஒரு பிள்ளைக்காவது கீறல் விழுந்திருக்கா?"

"இப்ப பெட்ரோல் ஷெட்டுல டீசல் இல்லயா? போலிம் இருக்கா?"

"பழகிப்போச்சு."

"அந்தச் சத்தம் அதனாலதான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னா, ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். தெரியாது என்று அவர் சொன்னது உண்மைதான் என்று நான் நம்புகிறேன். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. தெரிந்து பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யோடு சண்டை போடலாம். தெரியாமலே என்னைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லையே!

அடுத்த வாரம் பிள்ளைகளை வேறொரு வேனில் ஏற்ற ஒழுங்கு செய்துவிட்டு வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். பின்முனையை மட்டும் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லி நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பாஸ் அரை மனதோடு கழற்றினார். உள்ளே இருந்த வளையம் சூட்டில் நீலம் பாரித்துப் போயிருந்தது. சீல் கருகின ரப்பர் மாதிரி விரலில் உதிர்ந்தது.

"இது தூரமா டோ பண்ணி, கட்டி இழுத்துக்கிட்டு வந்த வண்டி மாதிரி இருக்கே?" என்றார் பாஸ்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஆகவே நானே சொன்னேன். எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கம் முழுக்க உருட்டுகிறார், நெடுநாளாகச் செய்கிறார் என்று.

பாஸ் சிரித்தார். "அட, அதுவா! நம்ம பக்கம் எல்லாரும் செய்றதுதானே டீச்சர். டீசல் மிச்சம்." அவ்வளவுதான். என் கணவருடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார்.

நான் விடவில்லை. "செய்யாத தப்புக்கு என்னய நிக்க வச்சு கிளாஸ் எடுத்தீங்களே பாஸ். செஞ்ச ஆள் இந்தா நிக்கிறாரு. இவருக்கு ஒரு வார்த்த இல்லயா? பிரேக் என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க பிள்ளையும் ஸ்கூல் வேன்லதானே போகுது?"

கராஜில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். பாஸின் சிரிப்பு நின்றுபோயிற்று. என் கணவர் என்னை வெளியே இழுக்கப் பார்த்தார். நான் கையை உதறினேன். எல்லார் முன்னாலும் அவருக்குச் சொன்னேன். எஞ்சின் நின்று வண்டி உருண்டதாக இனி ஒரு பிள்ளை சொன்னாலும், ஒவ்வொரு லயமாகப் போய்த் தாய்மாரிடம் நானே சொல்லுவேன் என்று. நான் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

வளையமும் ஒயில் சீலும் புதிதாகப் போட்டு வண்டி வந்தது. நாலாவது சனிக்கிழமை காலையில் சாவியை எடுத்தேன். டியூஷனுக்கு வேறு வண்டி போகட்டும், நீங்கள் என்னோடு வாருங்கள் என்றேன். அவர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஹட்டன் தாண்டி நோட்டன் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். கரகரப்பு இல்லை.

வாசலில் நல்ல வெயில். தம்பி மனைவி ஓடி வந்து, "வாங்க அண்ணி, தண்ணி சூடா இருக்கு" என்றாள். ஆம்பிளை ஆள் இருக்கிறாரே என்று அம்மாவைத் தூக்கி வாசல் நாற்காலியில் வைக்க அவரைக் கூப்பிட்டேன். அவர் கையை முதுகுக்குக் கீழே கொடுத்துத் தூக்கியதும் அம்மா அலறினார். வாய் குழறுகிற மனுஷியிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அவர் பதறிப்போய் மறுபடியும் படுக்கவைத்தார். ரவிக்கையை விலக்கிப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே, ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அடியளவுக்குப் படுக்கைப் புண். நடுவில் சீழ். ஒருத்தியாய்ப் புரட்டிப் பார்க்க முடியாத இடம். நானும் மூன்று வாரமாக முகத்தையும் கையையும் காலையும் துடைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

தம்பி மனைவி அழ ஆரம்பித்தாள்.

என் கணவர் குனிந்து பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"நீங்க என்னய வண்டியத் தொடாதன்னீங்களே, அப்ப."

அம்மாவுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ, வலி கொஞ்சம் தணிந்ததும் நல்ல கையால் என் சீலையைப் பிடித்து இழுத்து, "மாப்ளக்கி... தேத்தண்ணி..." என்றார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நான் நிற்கவைத்துவிட்டேனாம்.

ஊற்றுகிறேன் அம்மா என்றேன். ஆனால் முதலில் அம்மாவைக் குளிப்பாட்டினேன். புண்ணைக் கழுவித் துடைத்து, அந்த இடம் படாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பினேன். அதுவரைக்கும் அவர் வாசலில் நின்றார். நிற்கட்டும் என்று விட்டேன்.